மூலை இல்லாத வீடு

குடை விரியவில்லை. பொத்தானை அமுக்கினாள், கம்பியைத் தள்ளினாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள்... பாதி திறந்த நிலையில் அது சண்டித்தனம் செய்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். கக்கத்தில் இருக்கும் வரைபடச் சுருள் நனைந்தால்? காலையில் சார் முன்னால் எதைப் பிரித்து வைப்பது? அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். ஒன்றும் இல்லாததும் நனையாமல் இருக்க வேண்டுமே...

சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஓடி, கண்ணில் பட்ட முதல் வாசலில் ஒதுங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தலைக்கு மேல் தூணே இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு மெல்லிய கூரை. இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில், எங்கே இந்தத் தெரு முடிகிறது, எங்கே அந்தத் தெரு தொடங்குகிறது என்று தெரியாதபடி வளைந்து திரும்பியது வீட்டின் முன்சுவர். உயரத்தில் கப்பல் ஜன்னல்கள் போல வட்ட வட்டமாகக் கண்ணாடிகள். அவள் அப்பா பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர், இனி உலகமே இப்படித்தான் இருக்கப்போகிறது என்று நம்பிக் கட்டிய வீடு. உலகம் அப்படி ஆகவில்லை. வீடு மட்டும் நின்றது.

கண்ணாடிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டித்தான் பார்த்தாள்... கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன.

கூடத்தின் நடுவில் ஓர் உருண்டைச் சுவர். அதன் மேல் பாதியைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறியது. கீழ்ப் பாதியைச் சுற்றி, சுவரோடு சேர்த்தே கட்டிய நீள இருக்கை. தரையில் பச்சையும் அரக்குமாக மொசைக் துணுக்குகள். யாரோ சிலர் உட்கார்ந்திருந்தார்கள். யார், எதற்கு என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பென்சிலை வைத்தாள். வளைவு ஒன்று... ஒரே இழுப்பில் வந்தது.

அழிக்கத் தோன்றவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அலுவலகத்தில் அவளுக்கு 'ரப்பர்' என்றுதான் பெயர். ஒரு கோடு போட்டால் ஒன்பது தடவை அழிப்பாள்.

"அடுத்தது நீங்கதானே? உங்க பேஷன்ட் எங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வெள்ளைக் கோட்டு. கோட்டு முழுக்க நாய் முடி. களைத்துப்போன, ஆனால் எந்த நேரமும் சிரிப்புக்கு இடம் வைத்திருப்பது போன்ற இரண்டு கண்கள். அவனுக்குப் பின்னால் சுவரில், 'கால்நடை மருத்துவர்' என்று பலகை.

அப்போதுதான் பார்த்தாள். பக்கத்து ஆள் மடியில் கிழட்டு நாய். அதற்கு அப்பால் ஒரு கூண்டு, கூண்டுக்குள் கிளி.

"பேஷன்ட்டா..." காகிதத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் கையில் காகிதம், அதில் அவன் வீடு... கேட்காமல் உள்ளே வந்து, கேட்காமல் வரைந்து... "பூனை" என்று சொல்லிவிட்டாள்.

"பூனை. சரி. எங்க?"

"வீட்ல..."

"பூனைய வீட்ல விட்டுட்டு, பூனைக்கு வைத்தியம் பாக்க வந்திருக்கீங்க."

"மழைங்க. நனைஞ்சிடும்னு."

"அது நனையக் கூடாதுன்னு நீங்க நனைஞ்சிட்டு வந்தீங்களா? பாசம்தான். சரி, என்ன பண்ணுது?"

"சரியா சாப்பிட மாட்டேங்குது. தூக்கம் இல்ல. எதையாவது யோசிச்சுகிட்டே இருக்கு. எதை ஆரம்பிச்சாலும் பாதியில விட்டுடுது..."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இதெல்லாம் பூனைக்குத்தானே?"

காது மடல் வரை சூடு ஏறியது. "ஆமா..."

"சத்து மருந்து தர்றேன். ஒரு வாரம் குடுங்க. பூனைக்கு." அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தினான். "அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. மழை இல்லாத நாளா பாத்து."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கையில் அந்தப் புட்டி அகப்பட்டது. "என்னடி இது, பூனைப் படம் போட்டிருக்கு?"

"ஆபீஸ் விஷயம்மா."

"கட்டடம் கட்டுற ஆபீஸ்ல பூனைக்கு என்ன வேலை?" என்றார் அப்பா, தொலைக்காட்சியிலிருந்து கண் எடுக்காமல். "எலி ஜாஸ்தியா இருக்கும். விடு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் குரல் கேட்டாலே போதும், இந்த ஒரு வருடமாக அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று பிறகுதான் ஓடுகிறது. போன வருடம் அவரை ஸ்கேனுக்கு அழைத்துப்போனாள். முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் அது வரும் வரை உட்கார்ந்திருந்த அந்தக் கூடம்... வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். எதிர் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைப் பார்க்காமல் இருக்க எந்தப் பக்கமும் இடமில்லை. அவள் அழுகை இவளைப் பயமுறுத்தியது. இவள் முகத்தைப் பார்த்து அப்பா பயந்தார்.

இப்போது அலுவலகத்தில் அவளிடம் வந்திருப்பதும் ஒரு ஸ்கேன் நிலையத்தின் காத்திருப்புக் கூடம்தான். அவளுக்கென்று தனியாகக் கிடைத்த முதல் வேலை. "மாடர்னா இருக்கணும், ரெட்ரோவாவும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார் சார். "பழைய பாணி வால்பேப்பர் ஒட்டு, குண்டு பல்பு தொங்கவிடு, முடிஞ்சது. இதுக்குப் போய் ஏன் மண்டைய உடைக்கிற?"

அவளால் முடியவில்லை. என்ன வரைந்தாலும் செல்போன் கடை போல இருந்தது. மனதுக்குள் அங்கே அப்பாவை உட்காரவைத்துப் பார்ப்பாள். அவர் முகம் அதே பயத்தோடு இருக்கும். அழித்துவிடுவாள்.

இன்று வரைந்த வளைவை எடுத்துப் பார்த்தாள். இதில் என்னவோ இருக்கிறது. என்ன என்றுதான் பிடிபடவில்லை. இன்னொரு தரம் போய்ப் பார்த்தால் தெரியும்... வீட்டைத்தான். வேறு எதற்காகவும் இல்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

போனாள். பூனையைக் காணோம் என்றாள். "பூனைங்க அப்படித்தான், வந்துடும்" என்றான். அதற்கடுத்த முறை போனபோது, "வந்துடுச்சா?" என்று அவனே கேட்டான். வந்துவிட்டது, ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது என்றாள்.

"எனக்கு அந்தப் பூனைய நெனச்சா கவலையா இருக்கு" என்றான் அவன். "இவ்வளவு கஷ்டப்படுது, யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்குது."

ஒவ்வொரு முறையும் ஒரே முடிவோடுதான் படியேறினாள். இன்று சொல்லிவிட வேண்டும், பூனையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை என்று. அவன் கதவைத் திறந்து, "அட, பூனை மேடம்" என்பான். சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். கூட்டம் இல்லாத நேரங்களில் அவன் அந்த இருக்கையின் மறு வளைவில் வந்து உட்கார்வான். முகம் தெரியாது. குரல் மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு வரும். அந்தக் குரலோடு பேசுவது அவளுக்கு எளிதாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தால் நான்கு வார்த்தைகள்கூட வந்திருக்காது.

ஒரு மாலை, கிழட்டு நாய்க்காரர் வந்திருந்தார். உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் நாய் இல்லை. தோள்கள் குலுங்கின. சத்தமே வராமல் அழுதார். அவருக்கு இந்தப் பக்கம் பூனைக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு கணவன் மனைவி. இரண்டு கை தூரம்தான். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தார்கள் என்பதில்லை. அந்த இருக்கை வெளிப்புறமாக வளைந்திருந்ததால் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவர் தனியாகவும் இல்லை. தோளுக்குப் பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். அவர் முகம் மட்டும் அவருக்கே சொந்தமாக இருந்தது.

அவள் பென்சில் கையிலேயே நின்றது.

இத்தனை நாளாக அவள் ஜன்னலை வரைந்தாள், கைப்பிடியை வரைந்தாள், மொசைக் நிறத்தைக் குறித்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு போக வேண்டியது அதில் எதுவுமே இல்லை. பயந்துபோனவர்கள் எப்படி உட்கார வேண்டும் என்று இந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான்... அது மட்டும்தான்.

மடமடவென்று வரைந்தாள். வால்பேப்பர் வேண்டாம், குண்டு பல்பு வேண்டாம். வெளிறிய மரம், வெள்ளைச் சுவர், எல்லாம் இன்றைக்கு உள்ளதாகவே இருக்கட்டும். அந்த வளைவு மட்டும் அங்கே போகட்டும். தலை நிமிர்ந்தபோது கூடம் காலியாகிவிட்டிருந்தது. வெளியே மழை.

"மாடிக்கு வர்றீங்களா? ஒரு உதவி வேணும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

மாடியில் அவன் கையில் ஒரு பக்கெட், காலடியில் இரண்டு. கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. சொட்டு... சொட்டு... அவள் ஒரு பக்கெட்டை வாங்கி ஒழுகும் இடத்தில் வைத்தாள்.

"தாத்தா கட்டினது" என்றான். "அவருக்குப் புதுசுன்னா உயிரு. அந்தக் காலத்துல இந்தத் தெருவே சிரிச்சிருக்கு. எனக்கு இது வீடு இல்ல, இன்னொரு பேஷன்ட். வட்டச் சுவர்ல ஒரு பீரோ நிக்காது. அந்த ஜன்னலுக்கு எந்தக் கடையிலயும் திரைச்சீலை கிடையாது. வித்துடலாம்னு அக்கா சொல்றா. பில்டர் நாளைக்கே வரேங்கறார். இடிச்சிட்டு அடுக்குமாடி."

"இடிக்கிறதா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "இந்த மாதிரி வீட்ட... எப்படிங்க மனசு வருது? ஒரு வீட்ல இருந்துகிட்டு அதை ஒரு தடவைகூட பாக்காம இருக்க முடியுமா? இடிக்காதீங்க. ப்ளீஸ்."

"நீங்க வர்றீங்க, அரை மணி நேரம் உக்கார்றீங்க, போயிடறீங்க. பக்கெட் வெக்கிறது நான்."

சொல்லிவிட்டு அவனே தணிந்து, "கீழ போலாம்" என்று அவள் பையை எடுத்துக் கொடுத்தான். பையின் வாய் திறந்திருந்தது. காகிதங்கள் சரிந்து தரையெங்கும் பரவின.

அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தான். மாடிப்படி. ஜன்னல். கைப்பிடியின் வளைவு. மறுபடி மாடிப்படி. வாசல் கூரை. அவன் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. அந்தக் கண்களில் இருந்த சிரிப்புக்கான இடம் காலியாவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுல ஒரு பூனைகூட இல்ல."

"வந்து..."

"பூனை இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும்ங்க. பூனை வெச்சிருக்கறவங்க துணியில ஒரு முடியாவது இருக்கும். சரி, வேற ஏதோ காரணத்துக்காக வர்றாங்கன்னு நெனச்சேன்." கடைசிக் காகிதத்தை எடுத்தான். "நானா ஒண்ண நெனச்சுகிட்டேன். வீட்டப் பாக்க வந்திருக்கீங்க. கேட்டிருந்தா கதவத் திறந்து விட்டிருப்பேனே..."

இல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காகத்தான் முதலில் வந்தேன், இப்போது அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். வார்த்தைகள் எல்லாம் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் எழுதினாள், அழித்தாள், எழுதினாள்... அதற்குள் அவன் காகிதங்களை அடுக்கி அவள் கையில் வைத்துவிட்டான்.

"மழை விட்டுடுச்சு" என்றான்.

விடவில்லை. நனைந்துகொண்டே போனாள்.

காகிதத்தில் வரைந்ததைச் சார் நம்பவில்லை. "சுவத்தச் சுத்தி உக்கார்றதா? மூஞ்சியத் திருப்பிகிட்டா? கோவிச்சுகிட்ட மாதிரி இருக்கும்" என்றார். ஸ்கேன் நிலையத்தின் டாக்டரம்மா வரும் நாளில், அவள் அலுவலக நாற்காலிகளை எல்லாம் இழுத்து, முதுகு உள்ளேயும் முகம் வெளியேயும் இருக்கும்படி வட்டமாகப் போட்டாள்.

"கொஞ்சம் உக்காருங்க மேடம். சார், நீங்களும். எல்லாரும்..."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு என்று நினைத்தாள். வேலையும் போச்சு. கீழே பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாரும் அடுத்தவங்க முகத்துல தங்களோட ரிசல்ட்டப் படிப்பாங்க" என்றார் டாக்டரம்மா கடைசியில். "இங்க அது முடியாதில்ல..." எழுந்திருக்காமலே இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். "இப்படியே கட்டுங்க."

சார் அவள் முதுகில் தட்டினார். பக்கத்து மேசைக்காரி, "ரப்பர், இனிமே உன்ன பேனான்னுதான் கூப்பிடணும்" என்றாள். அவளும் சிரித்தாள். இதைச் சொல்ல ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவனிடம் சொல்ல வழியில்லை. சாயந்திரம் வழக்கமான தெருவைத் தவிர்த்து, சுற்று வழியில் வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. அந்த முனை வீட்டுக் கூரைக்கு என்ன ஆயிற்றோ என்று மழை பெய்யும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள். கூரை மட்டுமா...

பிறகு ஒரு நாள் மதியம், அலுவலக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். அதே கண்கள். அவள் சொல்வதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிட்டது, அவனுடைய அக்கா.

"நீதானேம்மா அந்தப் பூனைப் பொண்ணு?"

அவள் எழுந்து நின்றாள். "அவருக்கு ஏதாவது..."

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் இல்ல." அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "நான் வேற ஊர்ல இருக்கேன். வீட்ட விக்க முதல்ல சரின்னவன், இப்ப கையெழுத்து போட மாட்டேங்கறான். கேட்டா, இடிக்கக் கூடாதுன்னு ஒருத்தங்க சொன்னாங்கங்கறான். யாருடான்னு தோண்டித் துருவினா நீ. உன் காகிதத்துல ஆபீஸ் பேரு இருந்துச்சாம். போன வாரம் அவன் படுக்கைக்குப் பக்கத்துல காரை விழுந்திருக்கு. இவ்வளவு பெருசு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "எனக்கு வீட்டப் பத்தித் தெரியாது. நீ படிச்சவ. நீயே வந்து பாத்து சொல்லு. நிக்கும்னா நான் பேச்சையே எடுக்க மாட்டேன். நிக்காதுன்னா... அதையும் நீதான் அவன்கிட்ட சொல்லணும். வேற யாரு சொன்னாலும் அவன் காதுல ஏறாது."

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். அவன் கதவைத் திறந்தான். "வாங்க" என்றான். பூனை மேடம் என்று சொல்லவில்லை.

அவள் சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கூரையை அங்கங்கே தட்டினாள். திடமான இடத்தில் வர வேண்டிய சத்தம் வரவில்லை. எங்கே தட்டினாலும் பொத்துப் பொத்தென்று கேட்டது. ஓரிடத்தில் காரை தகடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி பாதி இளைத்துப்போயிருந்தது, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே வந்து உருண்டைச் சுவரைப் பார்த்தாள். கூரையின் பாரம் முழுவதும் அதன் தலையில்தான். இருக்கைக்கு மேலே, பெயின்ட்டுக்கு அடியில், சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. எத்தனை முறை அந்த இடத்தை வரைந்திருக்கிறாள்... அழகாகத்தான் வரைந்திருந்தாள். விரிசல் கண்ணில் படவே இல்லை.

பழுது பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். வீடு நிற்கும், அவளும் வரலாம், போகலாம். அவன் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருப்பான்.

"இது நிக்காது" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். "நீங்கதானே இடிக்க வேண்டாம்னீங்க."

"சொன்னேன். வீட்ட மட்டும் பாத்துட்டு சொன்னேன்." கையிலிருந்த சுத்தியலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பெரிய இன்ஜினியர் ஒருத்தர வெச்சும் பாருங்க. ஆனா அவர் வர்ற வரைக்கும் மாடியில தூங்காதீங்க. கீழயும் வேண்டாம். இன்னிக்கே வேற எங்கயாவது போயிடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு..."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் வாசலில் கார் வந்து நின்று, யாரோ அடிபட்ட நாயைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் ஓடினான். அக்கா அவள் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிம்மா" என்றாள். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எதைப் பார்த்து அழுகிறோம் என்று அவளுக்கே குழப்பமாகிவிடும்.

இன்ஜினியர் வந்தார். அவரும் அதையேதான் சொன்னார் என்று அக்கா போனில் சொன்னாள். வீடு போயிற்று. பேருந்து ஜன்னலிலிருந்து ஒரு நாள் பார்த்தாள், தகர வேலிக்கு அப்பால் வெறும் வானம்.

அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஏன் வரும்? அவள்தானே இடிக்கச் சொன்னாள். அவள்தானே பொய் சொன்னாள். ஸ்கேன் நிலையத்தில் தச்சர்கள் வளைவு இருக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதில் கை வைத்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீடு போனதற்கு அவள் ஒரு நாள் அழுதாள். அவனைப் பார்க்காததற்குத் தினமும் அழுதுகொண்டிருக்கிறாள்.

அக்காவுக்குப் போன் செய்தாள். "க்ளினிக் இப்ப டயர் கடைக்கு மேல, முதல் மாடி" என்றாள் அக்கா, எதற்கு என்றுகூடக் கேட்காமல்.

படியேறும்போதே வார்த்தைகளைத் தேடினாள். வணக்கம், எப்படி இருக்கீங்க... வேண்டாம். நீங்க கோவமா இருப்பீங்க, ஆனாலும்... அதுவும் வேண்டாம். கடைசிப் படியில் திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். வாசலில் ஒரு நடுத்தர வயதுக்காரர் வெளிறிய முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தார். "உள்ள போங்க. என் நாய்க்குத் தையல் போடறார், எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வந்துடும்" என்றார்.

உள்ளே சதுரமான ஓர் அறை. ட்யூப்லைட். நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே டயர்க் கடைப் பலகையின் முதுகு. மேசை மேல் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய், கிழிந்த காதோடு துள்ளிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு, மறு கையில் ஊசியோடு திணறிக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் கை நின்றது. நாய் திமிறியது.

"தலையப் பிடிங்க. கெட்டியா. கன்னத்தோட சேத்து" என்றான்.

பிடித்தாள். பெரிய, சூடான தலை. அது அவள் கையை நக்கியது. அவன் குனிந்து தைக்க ஆரம்பித்தான். அவன் தலைமுடி அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"என்ன விஷயமா வந்தீங்க?" தலை நிமிராமல் கேட்டான். "இங்க பாக்க ஒண்ணும் இல்லயே. நாலு சுவரு, ஒரு ட்யூப்லைட். எல்லாம் மூலை மூலையா இருக்கு."

"தெரியும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "சுவரப் பாக்க வரல."

ஊசி பாதியில் நின்றது.

"உங்களப் பாக்க வந்தேன்" என்றாள். "முதல் நாள் மழைக்கு ஒதுங்கினேன். அப்புறம் ரெண்டு தடவை வீட்டுக்காக வந்தேன். மத்த எல்லாத் தடவையும் உங்களுக்காகத்தான் வந்தேன். எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது. வீடு இருந்தா நீங்க நம்ப மாட்டீங்க. இப்ப வீடு இல்ல. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப..." குரல் தேய்ந்தது. ஆனால் சொன்ன எதையும் அழிக்க நினைக்கவில்லை.

"கையில ஊசி இருக்கும்போதுதான் இதச் சொல்லணுமா?"

"ஊசி இல்லன்னா நீங்க நிமிர்ந்து என்னப் பாப்பீங்க. பாத்தா எனக்குப் பேச்சு வராது."

அவன் நிமிரவில்லை. மெதுவாக இன்னொரு தையல் போட்டான். நூலை முடிந்தான். நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் ஏன் கையெழுத்து போடாம இருந்தேன்னு அக்கா சொன்னாளா?"

"நான் இடிக்க வேண்டாம்னதால..."

"அவளுக்கு அப்படித்தான் சொல்லி வெச்சேன்." கத்தரியைக் கீழே வைத்தான். "வீடு போனா நீங்க வர மாட்டீங்க. அதான் போடல. தலையில கல்லு விழுந்தாலும் பரவாயில்லன்னு இருந்தேன். அப்புறம் நீங்களே வந்து இடிக்கச் சொல்லிட்டுப் போனீங்க. இனிமே வர உங்களுக்குக் காரணமே இல்லன்னு நெனச்சுகிட்டேன். தினமும் அந்தப் படியில சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன். டயர் வாங்க வந்தவங்களாதான் இருக்கும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் நாயின் கன்னத்தில்.

அவன் இப்போது நிமிர்ந்தான். அவள் சொன்னது சரிதான். பேச்சு வரவில்லை.

கதவுக்கு வெளியிலிருந்து நாய்க்காரரின் குரல் கேட்டது. "டாக்டர், முடிஞ்சுதா?"

"இல்லங்க" என்றான் அவன், அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்ச நேரம் ஆகும்."